ரெண்டாவது டிரைபாட் ஹெட்டும் தொங்க ஆரம்பிச்சிடுச்சு, நாள்பட உழைக்கிற மாதிரி எதைப் பாத்து எடுக்கறது?

வண்டுப்பார்வை:

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா சத்தமில்லாம படிச்சிட்டு மட்டும் போற ஆளு நான், இன்னைக்கு வயித்தெரிச்சல் தாங்காம எழுதுறேன்.

டிரைபாட் காலு நல்லாத்தான் இருக்கு. கார்பன் ஃபைபர், அஞ்சு வருஷமா ஒரு குறையும் இல்ல. பிரச்சனை எல்லாம் அதுக்கு மேல உக்காந்து கேமராவைப் புடிச்சுத் திருப்பற ஹெட்லதான். மொதல்ல காலோட கூடவே வந்த ஒரு குட்டி பால் ஹெட் (உருண்டையை கிண்ணத்துக்குள்ள கவ்விப் பூட்டற வகை) இருந்துச்சு, அது ஒன்றரை வருஷத்துல பேன் பண்ற, அதாவது பக்கவாட்டுல சுத்தற, அடிப்பக்கம் ஆட்டம் குடுத்துடுச்சு, பூட்டினாலும் லொடலொடன்னு. சரி சின்னது அப்படித்தான் இருக்கும்னு கொஞ்சம் பெருசா வேற ஒண்ணு எடுத்தேன், பெட்டியில 15 கிலோ தாங்கும்னு கொட்டை எழுத்துல போட்டிருந்தான், என் கேமரா லென்ஸ் எல்லாம் சேத்தே ரெண்டரை கிலோதான் வரும், அப்ப ஆறு மடங்கு தாங்குமேன்னு கணக்குப் போட்டுட்டு நிம்மதியா தூங்கினேன்.

இப்ப என்ன நடக்குதுன்னா, ஃப்ரேம் வெச்சு குமிழை இறுக்கிட்டு கையை எடுத்தா லென்ஸ் மூக்கு மெதுவா கீழ இறங்குது. அதுக்குன்னே கொஞ்சம் மேல தூக்கி வெச்சு பூட்டினா சில சமயம் இறங்காம அங்கயே நின்னு தொலைக்குது. இன்னும் பலமா இறுக்கலாம்னு பாத்தா விரல் வலிக்குதே தவிர பிடிப்பு ஏறல. நடுவுல கொஞ்ச நாள் பால் பிசுபிசுன்னு விட்டு விட்டு திரும்புச்சு, இப்ப வழவழன்னு ஓடுது, பூட்டத்தான் மாட்டேங்குது.

மூணாவதா ஒண்ணு வாங்கி அதுவும் இப்படியே ஆச்சுன்னா இந்த வேலையே வேணாம்னு போயிடுவேன். அதனால கேக்கறேன், எந்த மாடல்னு கேக்கல, ஒரு ஹெட்ட கையில எடுத்தா எதை எதைப் பாத்து இது உழைக்கும், இது உழைக்காதுன்னு நீங்க முடிவு பண்றீங்க? கிலோ கணக்கை நம்பலாமா கூடாதா?

---

தூரத்துக்குருவி:

என்ன லென்ஸ், என்ன எடுக்கறீங்க, எங்க வெச்சு எடுக்கறீங்க? இது மூணும் சொல்லாம ஹெட் பத்தி பேசறது காலளவு சொல்லாம செருப்பு கேக்கற மாதிரி. அப்புறம் லென்ஸ்க்கு காலர், அதாவது லென்ஸைச் சுத்திப் புடிச்சு ஹெட்டுல மாட்டற வளையம், இருக்கா, இல்ல கேமரா அடியிலயே பிளேட் போட்டு மாட்டறீங்களா?

---

வண்டுப்பார்வை:

மன்னிக்கணும், அவசரத்துல விட்டுட்டேன். மிரர்லெஸ் பாடி, ஃபுல் ஃப்ரேம். 100-400 எம்எம் ஜூம் லென்ஸ் ஒண்ணு, அதுக்கு காலர் இருக்கு, காலர்லதான் மாட்டறேன். சின்னதை கிட்டப் போய் எடுக்கற 100 எம்எம் மேக்ரோ லென்ஸ் ஒண்ணு, அதுக்கு காலர் கிடையாது, பாடி அடியில பிளேட். பேருக்கேத்த மாதிரி பாதி நேரம் பூச்சி, மீதி நேரம் பறவை, அப்பப்ப கடற்கரையில விடியக்காலையில லாங் எக்ஸ்போஷர். அலை வந்து காலை நனைக்கிற தூரத்துலதான் நிப்பேன், அதனால மணலும் உப்புத்தண்ணியும் ஹெட்டு மேல படாம இருந்ததில்ல. பிளேட்டைக் கவ்வுற கிளாம்ப் ஆர்கா சுவிஸ் கம்பெனி மாதிரி, லீவர் வெச்சது.

செங்குத்தா எடுக்கணும்னா பால் பக்கவாட்டுல ஒரு பள்ளம் இருக்கும்ல, அதுல சாச்சு எடுப்பேன். அப்பத்தான் ரொம்ப மோசமா சரியுது.

---

அரைநொடி:

கிலோ கணக்கு பத்தி நான் சொல்றேன், இது என் ரொம்ப நாள் புலம்பல்.

பெட்டியில இருக்கிற அந்த எண்ணை எல்லா கம்பெனியும் ஒரே மாதிரி சோதிச்சு எழுதறது இல்ல. பொதுவான அளவுகோல்னு ஒண்ணு கிடையாது. ஒருத்தர் நேரா நிக்க வெச்சு மேல எடையை வெச்சு உடையாம இருந்தா எழுதுவாரு, இன்னொருத்தர் சாச்சு வெச்சு நழுவுதான்னு பாத்து எழுதுவாரு. அதனால 15 போட்டவன் 8 போட்டவனை விட பலசாலின்னு எடுத்துக்க முடியாது. நேரா நிக்க வெச்சா ஒரு செங்கல்லு கூட நூறு கிலோ தாங்கும்.

உண்மையில ஹெட்டை சோதிக்கிறது எடை இல்ல, முறுக்குவிசை, அதாவது பாலைச் சுத்தப் பாக்கற பலம். பாலோட மையத்துலேர்ந்து கேமராவோட எடைமையம் எவ்வளவு தள்ளி இருக்குங்கறதுதான் விஷயம். உங்க ரெண்டரை கிலோவையே எடுத்துக்குங்க. எடைமையம் பாலுக்கு 9 சென்டிமீட்டர் மேல இருக்குன்னு வெச்சுப்போம். 5 டிகிரி சாச்சா பாலை சுத்தப் பாக்கற விசை சுமார் 0.2 நியூட்டன் மீட்டர்தான், ஒண்ணுமே இல்ல. அதையே பள்ளத்துல போட்டு 90 டிகிரி சாச்சா 2.2 நியூட்டன் மீட்டர். பதினோரு மடங்கு! கேமரா அதேதான், எடை அதேதான். செங்குத்தா வெக்கறப்ப ஏன் மோசமா சரியுதுன்னு கேட்டீங்கல்ல, இதான்.

இதுக்கு எதிர்ப்பக்கம் நிக்கறது பாலுக்கும் அதை கவ்வுற கிண்ணத்துக்கும் நடுவுல இருக்கிற உராய்வு. குமிழை ஒரே அளவு இறுக்கினாலும் பால் பெருசா இருந்தா அந்த உராய்வு மையத்துலேர்ந்து தள்ளி வேலை செய்யும், அதனால பிடிப்பு கூடும். 36 மில்லிமீட்டர் பாலுக்கும் 54 மில்லிமீட்டர் பாலுக்கும் மத்த எல்லாம் சமம்னா பிடிப்பு ஒன்றரை மடங்கு. அதனாலதான் நான் கிலோவைப் பாக்கறதே இல்ல, பால் விட்டம் எத்தனைன்னுதான் மொதல்ல தேடுவேன். ரியலி ரைட் ஸ்டஃப் பிஹெச்-55னு ஒண்ணு இருக்குல்ல, பேர்ல இருக்கிற 55ங்கறது பால் விட்டம்தான். கிலோவை விட இது நேர்மையான எண்ணு.

அப்புறம் ஆர்கா சுவிஸ் காரங்க பாலையே முழு உருண்டையா செய்யாம லேசா நீள்வட்டமா கடைஞ்சிருப்பாங்க, சாயச் சாய தானாவே இறுக்கம் ஏறும். கேமரா திடீர்னு கவுந்து விழறதுக்கு நல்ல தடை. ஆனா அந்த மாதிரி ஹெட் எல்லாருக்கும் தேவைன்னு சொல்ல மாட்டேன்.

இன்னொண்ணு. "பூட்டினா இறங்குது"ங்கறது எல்லா பால் ஹெட்லயும் கொஞ்சம் இருக்கும், எவ்வளவு இறங்குதுங்கறதுதான் கேள்வி. ஃபுல் ஃப்ரேம்ல 50 எம்எம் லென்ஸ் கிடைமட்டமா 40 டிகிரி கிட்ட பாக்கும், 400 எம்எம் வெறும் 5 டிகிரிதான். அரை டிகிரி இறங்கினா 50ல கண்ணுக்கே தெரியாது, 400ல ஃப்ரேம் அகலத்துல பத்துல ஒரு பங்கு அளவுக்கு நகந்துடும். அதனால புது ஹெட் பாக்க போறப்ப உங்க 100-400ஐ கையோட எடுத்துட்டுப் போங்க, 400ல வெச்சு லைவ் வியூவை 10 மடங்கு பெருசாக்கி பூட்டிப் பாருங்க. லென்ஸை லேசா தட்டி எத்தனை நொடியில ஆட்டம் அடங்குதுன்னும் பாருங்க. அப்ப நடுக்கத்தைக் குறைக்கிற ஸ்டெபிலைசேஷனை அணைச்சு வெக்கணும், இல்லாட்டி நடுங்கறது ஹெட்டா லென்ஸான்னு குழம்பிடுவீங்க. நான் ஒரு தடவை அப்படிக் குழம்பி நல்ல ஹெட்டை வேணாம்னு வெச்சுட்டு வந்தவன்.

---

ஐஎஸ்ஓ_அண்ணாச்சி:

இப்ப வர்ற கேமராவுக்கு டிரைபாடே எதுக்குங்க, ஐஎஸ்ஓவை ஏத்தி கையில புடிச்சு அடிச்சிட்டுப் போக வேண்டியதுதான.

---

அரைநொடி:

அண்ணாச்சி, 30 நொடி எக்ஸ்போஷரை கையில புடிச்சு அடிச்சுக் காட்டுங்க, இந்தக் குழுவே உங்களுக்கு மாலை போடும்.

---

நேர்கோடு:

எல்லாரும் பால் ஹெட்லயே நிக்கறீங்க. பாதி நேரம் மேக்ரோன்னு அவரே சொல்றாரு. மேக்ரோவுக்கு பால் ஹெட் ஒரு தண்டனை. ஒரு குமிழைத் தளத்தினா மூணு திசையும் ஒண்ணா அவுந்துடும், பூச்சியோட கண்ணுல ஃபோகஸ் வெச்சு பூட்டறதுக்குள்ள ஒரு மில்லிமீட்டர் இறங்கினா கண்ணுக்கு பதிலா மீசைதான் கிடைக்கும்.

நான் கட்டடமும் பொருள் படமும் எடுக்கறவன், பல வருஷமா கியர் ஹெட். ஒவ்வொரு திசைக்கும் தனித்தனி குமிழ், திருகினா பல்சக்கரம் இம்மி இம்மியா நகத்தும், விட்டா விட்ட இடத்துல நிக்கும். இறுக்கறது தளத்தறதுன்னு ஒண்ணே கிடையாது, அதனால தொங்கறதுங்கற பேச்சும் இல்ல. மான்ஃப்ரோட்டோ 410, பென்ரோவோட கியர் ஹெட், காசு இருக்கறவங்களுக்கு ஆர்கா சுவிஸ் கியூப்னு பல படி இருக்கு.

குறையும் சொல்லிடறேன். கனம். 410 மட்டுமே 1.2 கிலோ கிட்ட. தூக்கிட்டு நடக்கறவங்களுக்கு கஷ்டம். மெதுவா வேலை செய்யும், பறவை பறந்து போனதுக்கு அப்புறம் நீங்க திருகிட்டே இருப்பீங்க. அப்புறம் நாளாவட்டத்துல பல்சக்கரம் தேஞ்சு கொஞ்சம் வெத்து ஆட்டம் வரும், குமிழை எதிர்ப்பக்கம் திருப்பினா கால் சுத்து சும்மா சுத்திட்டு அப்புறம்தான் பிடிக்கும். எனக்கு அது வந்து நாலு வருஷம் ஆச்சு, இன்னும் அதுலதான் வேலை ஓடுது. ஆனா மணலுக்கு மட்டும் கொண்டு போகாதீங்க, பல்லுக்குள்ள ஒரு துளி மணல் போனா நறநறன்னு சத்தம் கேக்கும் பாருங்க, சோத்துல கல்லு கடிச்ச மாதிரி உடம்பெல்லாம் கூசும்.

நீளமா கைப்பிடி நீட்டிட்டு இருக்கற பழைய மூணு திசை ஹெட்டையும் யாரும் மட்டமா பேசாதீங்க. பையில வெச்சா இடிக்கும், ஆனா உள்ள இருக்கிறது எல்லாம் எளிமையான அமைப்பு, கழட்டி மாட்ட யார் வேணும்னாலும் செய்யலாம்.

---

கடைசல்காரன்:

தம்பி வண்டுப்பார்வை, புதுசு வாங்கறத அப்புறம் பேசுவோம். பழசு வழவழன்னு ஓடுதுன்னு எழுதியிருக்கியே, மொதல்ல பிசுபிசுன்னு இருந்துச்சுன்னு வேற சொல்ற. தானா எப்படி வழவழப்பாச்சு? ஏதாவது அடிச்சியா அதுல? உண்மையச் சொல்லு.

நான் லேத்துல வேலை பாக்கறவன், போட்டோ எடுக்கறது பொழுதுபோக்கு. ஹெட்டை கையில எடுத்தா நான் பாக்கற வரிசையே வேற.

மொதல்ல கடைசலா வார்ப்பான்னு பாப்பேன். உருக்கி அச்சுல ஊத்தின உடம்புன்னா உள் மூலையில லேசா கோடு ஓடும், பெயின்டு கனமா இருக்கும். வார்ப்புல உள்ள கண்ணுக்குத் தெரியாத காத்துக்குமிழி இருக்கலாம், மரை போட்ட இடத்துல அது இருந்துச்சுன்னா ஒரு நாள் மரை மொத்தமா உருவிட்டு வரும். அலுமினியக் கட்டியில கடைஞ்சு எடுத்து அனோடைஸ் பண்ணதுன்னா விளிம்பெல்லாம் துல்லியமா இருக்கும், உளி ஓடின வரி லேசாத் தெரியும். வார்ப்புன்னா மோசம்னு இல்ல, நல்லா செஞ்ச வார்ப்பு ரெண்டு தலைமுறை ஓடும், ஆனா மட்டமான கடைசலை விட மட்டமான வார்ப்பு சீக்கிரம் போகும்.

ரெண்டாவது, அடியில இருக்கிற மரை. டிரைபாட் திருகுல ரெண்டு அளவுதான் நடைமுறையில, 1/4 இஞ்சு, 3/8 இஞ்சு. கேமராவுக்கு அடியில பொதுவா 1/4, ஹெட்டுக்கு அடியில 3/8. விட்டத்துல பாத்தா ஒண்ணரை மடங்குதான், குறுக்குவெட்டுல பாத்தா 2.25 மடங்கு. 3/8 ஓட்டையில பித்தளை புஷ் போட்டு 1/4 ஆக்கி உபயோகிக்கிறவங்களைப் பாத்தா எனக்கு பத்திக்கிட்டு வரும். அந்த புஷ்ஷை கழட்டிட்டு நேரா 3/8ல மாட்டு. அலுமினியத்துல நேரா மரை போட்டு அதுல எஃகு திருகு அடிக்கடி ஏறி இறங்கினா அலுமினியம்தான் தேயும், அதனால சிலதுல மரைக்குள்ள எஃகு இன்செர்ட் வெச்சிருப்பாங்க. அது இருந்தா எனக்கு பாதி மனசு அங்கயே நெறஞ்சிடும்.

மூணாவது, என்னைப் பொறுத்தவரை இதுதான் முக்கியம், கழட்ட முடியுமா? எல்லா திருகும் சாதாரண ஆலன் கீயில திரும்புதா, இல்ல ஒட்டி மூடிட்டானா? குமிழ் உடைஞ்சா குமிழ் மட்டும் கிடைக்குமா? உலகத்துல தேயாத சாமான் கிடையாது. தேஞ்சா மாத்தற மாதிரி இருக்கா, தேஞ்சா குப்பையில போடற மாதிரி இருக்கான்னு பாரு. உன்னோட மொத ஹெட்ல பேன் ஆட்டம் வந்துச்சுன்னியே, பாதி ஹெட்ல அடியில ஒரு திருகு இருக்கும், அதை ஒரு சுத்து இறுக்கி, திருகு கழலாம ஒட்டற நீல நிற லாக்டைட் பசை ஒரு சொட்டு விட்டா சரியாப் போயிருக்கும். சிவப்பு லாக்டைட் விட்டுடாத, சூடு பண்ணாம அப்புறம் யாராலயும் கழட்ட முடியாது.

கடல் பத்தி ஒரு வார்த்தை. ஸ்டெயின்லெஸ் திருகும் அலுமினியமும் ஒட்டிட்டு இருக்கிற இடத்துல உப்புத்தண்ணி பட்டா ரெண்டும் சேந்து பேட்டரி மாதிரி ஆயிடும், அரிபடறது அலுமினியம். வெள்ளையா மாவு மாதிரி பூக்கும். மக்னீசியம் உடம்புன்னா இன்னும் வேகமா அரிக்கும். வீட்டுக்கு வந்த உடனே நல்ல தண்ணியில நனைச்ச துணியால துடை, தொட்டிக்குள்ள போட்டு முக்காத. அன்னைக்கே செய்யணும், மறுநாள்னா உப்பு காஞ்சு உள்ள போயிடும்.

அப்புறம் பூட்டின வாக்குல பையில போட்டு மாசக்கணக்கா வெக்காத. உள்ள பிளாஸ்டிக் கிண்ணம் இருந்துச்சுன்னா அதுல தழும்பு விழுந்துடும்.

---

வண்டுப்பார்வை:

கடைசல் அண்ணா, மாட்டிக்கிட்டேன்.

பிசுபிசுன்னு திரும்பினப்ப கதவு கீலுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்பிரே வீட்டுல இருந்துச்சு, அதை பால் மேல ரெண்டு தடவை அடிச்சேன். ரொம்ப சுகமா திரும்புச்சு, நானே என்னை மெச்சிக்கிட்டேன். தொங்க ஆரம்பிச்சது அதுக்கு அப்புறம்தானான்னு யோசிச்சா... ஆமான்னுதான் தோணுது. இதை ஏன் மொதல் பதிவுல சொல்லலைன்னா, சம்பந்தம் இருக்கும்னு எனக்கு உறைக்கவே இல்ல.

---

கடைசல்காரன்:

நெனச்சேன். பிரேக்குக்கு எண்ணெய் விட்டுட்டு வண்டி நிக்க மாட்டேங்குதுன்னு அழறியேப்பா.

உராய்வை நம்பி நிக்கிற சாமான் அது. சில கம்பெனிங்க பாலுக்கு அவங்களோட தனி கிரீஸ் லேசா தடவி அனுப்புவாங்க, பலதும் கிட்டத்தட்ட உலந்த நிலையிலதான் ஓடணும். நீ அடிச்சது இருந்த கிரீஸையும் கரைச்சு, மணலையும் சேத்து கூழாக்கி கிண்ணத்துக்குள்ள இழுத்துட்டுப் போயிருக்கும். பிரிச்சு, நார் விடாத துணியில ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொஞ்சம் நனைச்சு பாலையும் கிண்ணத்தையும் துடை, துணியில கருப்பு வர்றது நிக்கற வரைக்கும். தெறிக்கற மாதிரி ஊத்தாத. பிரிக்கறப்ப ஒவ்வொரு அடுக்கையும் போன்ல படம் புடிச்சுக்கோ, ஸ்பிரிங்கு வாஷர் எது மேல எதுன்னு அப்புறம் முழிக்காத.

---

தூரத்துக்குருவி:

இந்த எண்ணெய்க் கதை நெறைய பேர் வீட்டுல நடக்குது, வெளிய சொல்ல மாட்டாங்க அவ்வளவுதான்.

நான் 100-400 பத்தி மட்டும் சொல்றேன். பறவைக்கு பால் ஹெட்டை தளத்தி வெச்சுட்டு சுத்திட்டு இருக்கீங்கன்னா ஒரு நாள் மொத்தமா ஒரு பக்கம் கவுந்து விழும், விரல் நடுவுல மாட்டும், லென்ஸ் ஹூட் காலுல இடிக்கும். அனுபவம். கிம்பல் ஹெட்ல லென்ஸை ஊஞ்சல் மாதிரி தொங்க விட்டு காலர் பிளேட்டை முன்ன பின்ன தள்ளி சமன் பண்ணிட்டா எங்க விட்டாலும் அங்கயே நிக்கும், பூட்டவே தேவையில்ல. விம்பர்லி இதுக்குப் பேர் போனது, அதைப் பாத்து மத்தவங்களும் செய்யறாங்க. உழைப்புன்னு பாத்தாலும் கிம்பல்ல உராய்வை நம்பற வேலை கம்மி, உள்ள பேரிங்தான், தேயறது ரொம்ப மெதுவா நடக்கும்.

ஆனா உங்க எடைக்கு கிம்பல் கட்டாயம்னு சொல்ல மாட்டேன். 500, 600 பெரிய லென்ஸ் வெச்சிருக்கறவங்களுக்குத்தான் அது இல்லாம முடியாது. ஒண்ணு மட்டும் இப்பவே செய்யுங்க. 400க்கு ஜூம் பண்ணா உங்க லென்ஸ் மூக்கு நீளுதா? நீண்டா எடைமையமும் முன்னாடி போகும். காலர்ல கொஞ்சம் நீளமான பிளேட் மாட்டி 400ல வெச்சு சமன் பண்ணுங்க. நீங்க சொல்ற "மூக்கு இறங்குது"ல பாதி இதாத்தான் இருக்கும்னு என் ஊகம். சும்மாவே முன்பக்கம் கனமா இருக்கறத எந்த ஹெட்டு தலையில கட்டினாலும் அது பாவம்தான்.

---

வண்டுப்பார்வை:

நீளுது, நல்லாவே நீளுது. பிளேட் அரை விரல் நீளம்தான் இருக்கு, தள்ள இடமே இல்ல.

இன்னொரு சந்தேகம். என் கிளாம்ப் லீவர் வெச்சது, நண்பர் குடுத்த பிளேட்டைப் போட்டா லூசா இருக்கு, என்னோடதைப் போட்டா இறுக்கமா இருக்கு. ரெண்டுமே ஆர்கா மாதிரின்னுதான் சொன்னாங்க. இது ஹெட் கெட்டுப்போனதோட சேந்ததா?

---

நேர்கோடு:

இல்ல, அது வேற கதை. ஆர்கா மாதிரின்னு சொல்றமே தவிர அது அதிகாரபூர்வமா யாரும் எழுதி வெச்ச அளவு கிடையாது. ஆர்கா சுவிஸ் கம்பெனி செஞ்சதைப் பாத்து மத்தவங்க செஞ்சு அதுவே வழக்கமாயிடுச்சு. அகலம் 38 மில்லிமீட்டர் கிட்ட இருக்கும், ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். சாதாரண லீவர் எப்பவும் ஒரே தூரம்தான் மூடும், அதனால பிளேட் கொஞ்சம் ஒல்லியா இருந்தா லூசு, கொஞ்சம் பருமனா இருந்தா மூடவே மூடாது. திருகுற குமிழ் வெச்ச கிளாம்ப் எந்த பிளேட்டையும் போய் கவ்வும்.

பல கம்பெனி பிளேட்டைக் கலந்து வெச்சிருந்தா குமிழ் கிளாம்ப்தான். ஒரே இடத்து பிளேட்டா வெச்சிருந்தா லீவர் வேகம். உழைப்புன்னு பாத்தாலும் என் ஓட்டு குமிழுக்கு, லீவர்ல அழுத்திப் பூட்டற கேம்ங்கற பாகம் தேஞ்சா சரி பண்றது சிரமம், குமிழ்ல ஒரு திருகு, ஒரு ஸ்பிரிங்கு, அவ்வளவுதான்.

பிளேட் ரெண்டு முனையிலயும் குட்டி தடுப்புத் திருகு இருக்கும், அதைக் கழட்டி எறியாதீங்க. கிளாம்ப் கொஞ்சம் தளந்தா கேமரா வழுக்கி விழாம புடிக்கறது அதுதான். நான் அது இடைஞ்சலா இருக்குன்னு கழட்டினவன், ஒரு நாள் முழங்கால் உயரத்துலேர்ந்து விழுந்துச்சு, நல்லவேளை கீழ புல்லு.

அப்புறம் மேக்ரோவை செங்குத்தா வெக்க பள்ளத்துல சாய்க்கறதை விடுங்க, பாடிக்கு எல் பிராக்கெட், அதாவது அடியிலயும் பக்கவாட்டுலயும் வர்ற எல் வடிவ பிளேட், போடுங்க. கேமராவைக் கழட்டி பக்கவாட்டுல திருப்பி மாட்டினா எடை பாலுக்கு நேர் மேலயே இருக்கும், அரைநொடி சொன்ன பதினோரு மடங்கு கணக்கே வராது. உங்க பாடி வடிவத்துக்குன்னே செஞ்சதா பாருங்க, பொதுவா எல்லாத்துக்கும் பொருந்தும்னு விக்கறது திருகைச் சுத்தி தானா திரும்பிடும்.

---

அரைநொடி:

எல் பிராக்கெட்டுக்கு என் ஓட்டும். நான் புது ஹெட்டுக்கு அலைஞ்சுட்டு இருந்தப்ப ஒருத்தர் இதைச் சொன்னாரு, போட்டதுக்கு அப்புறம் ரெண்டு வருஷம் பழைய ஹெட்லயே ஓட்டிட்டேன்.

மணல் அதிகம்னா பாலைச் சுத்தி மூடின கூடு இல்லாம திறந்தாப்பல இருக்கிற வகையையும் பாருங்க. அக்ராடெக் அப்படித்தான் செய்யறாங்க. மணல் போனாலும் தங்க இடமில்ல, தண்ணி விட்டா வழிஞ்சு போயிடும். பாக்க எலும்புக்கூடு மாதிரி இருக்கும், அழகு கேக்காதீங்க.

---

கடைசல்காரன்:

ஒரு விஷயம் விட்டுட்டேன். கால் மேல்தட்டுல, ஹெட் உக்கார்ற இடத்துல, கீழேர்ந்து மேல ஏறுற மாதிரி ரெண்டு மூணு தலையில்லாத குட்டித் திருகு இருக்கான்னு பாரு. ஹெட்டை மாட்டி முடிச்சதும் அதை ஆலன் கீயால லேசா ஏத்தினா ஹெட்டோட அடியை அமுக்கிப் புடிச்சுக்கும், பேன் பண்றப்ப ஹெட் மொத்தமா கழண்டு வராது. பேன் ஆட்டம்னு நெறைய பேர் சொல்றது இதுதான், ஹெட்டே கால்லேர்ந்து அரைச்சுத்து கழண்டிருக்கும். ஹெட்டைக் கழட்டறதுக்கு முன்னாடி மறக்காம அதை இறக்கு, இல்லாட்டி அடித்தட்டுல கோடு விழும்.

---

வண்டுப்பார்வை:

பத்து நாள் கழிச்சு வர்றேன், திட்டாதீங்க.

ஞாயித்துக்கிழமை உக்காந்து ஹெட்டைப் பிரிச்சேன். ஒவ்வொரு அடுக்கா படம் புடிச்சேன், ஆனாலும் ஒரு வாஷர் எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியாம அரைமணி நேரம் முழிச்சேன், அது பூட்டுற குமிழோட தண்டுல ஒட்டிட்டு இருந்ததாம். கிண்ணத்துக்குள்ள சாம்பல் நிறத்துல பசை, விரல்ல தேச்சா மணல் நறநறங்குது. ஆல்கஹால்ல துடைச்சு துடைச்சு ஒரு பனியன் துணி முழுசா கருப்பாச்சு. பால் மேல மெலிசா கோடு கோடா கீறல் விழுந்திருக்கு, அது போகாது. ஆனா மாட்டிப் பூட்டினா நிக்குது! 100 மேக்ரோவுல லைவ் வியூ 10 மடங்குல பாத்தேன், இறங்கறது கண்ணுக்குத் தெரியற அளவுக்கு இல்ல. 100-400ல இன்னும் கொஞ்சம் இறங்குது, ஆனா முன்ன மாதிரி இல்ல, நீளமான பிளேட் போட்டு சமன் பண்ணதுக்கு அப்புறம் அதுவும் பாதியாச்சு.

மொத ஹெட்டும் பரண்லதான் கிடந்துச்சு, அதையும் எடுத்துப் பாத்தேன். கடைசல் அண்ணா சொன்ன மாதிரியே அடியில திருகு இருந்துச்சு, ரெண்டு சுத்து இறுக்கினேன், ஆட்டம் போயிடுச்சு. மூணரை வருஷமா பரண்ல தூங்கினது ரெண்டு சுத்துக்காக. அதோட கால் மேல்தட்டுல குட்டித் திருகு மூணு இருக்கு, மூணும் கீழ இறங்கியே இருக்கு, வாங்கினதுலேர்ந்து நான் தொட்டதே இல்ல.

முடிவு இதான். எல் பிராக்கெட் சொல்லியாச்சு. புது ஹெட் இப்போதைக்கு இல்ல, கீறல் விழுந்த பால் எவ்வளவு நாள் தாங்குதுன்னு பாத்துட்டு, எடுக்கறப்ப 50 மில்லிமீட்டருக்குக் கம்மியில்லாத பால், குமிழ் கிளாம்ப், ஆலன் கீயில பிரிக்கற மாதிரி ஒண்ணு. கடற்கரைக்கு மொத குட்டி ஹெட்டையே கொண்டு போறேன், அகல லென்ஸ்தானே, அது போதும், போனா போகட்டும்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. பிரிச்சு மாட்டினதுக்கு அப்புறம் பால் திரும்பறப்ப லேசா ஒரு கிறீச் சத்தம் வருது, ரொம்ப உலந்து போச்சா? ஏதாவது தடவணுமா?

---

கடைசல்காரன்:

அந்த ஸ்பிரே டப்பாவை மொதல்ல வீட்டை விட்டு வெளிய கொண்டு போய் வெச்சுட்டு வா, அப்புறம் சொல்றேன்.